உமி அடைத்த கை

ஊசி இறங்கியதும் கை லேசாகப் பின்னால் இழுத்துக்கொண்டது.

வலி பொறுக்காத நோயாளி இழுப்பதுபோல ஒரு சின்ன இழுப்பு, அவ்வளவுதான். ஆனால் மேசைமேல் கிடந்தது நோயாளியின் கை இல்லை. சாக்குத்துணியில் தைத்து உமி அடைத்து, நரம்புக்குப் பதிலாக உள்ளே ரப்பர் குழாய் விட்ட பயிற்சிக் கை. நர்ஸ் அபயாம்பாளே உட்கார்ந்து தைத்தது.

"தேவசகாயம், மேசை ஆடுதா?"

"ஒரு காலு குட்டை சிஸ்டர். மழை ஈரத்துல தரை வேற எறங்கியிருக்கு" என்றார் ஆண் நர்ஸ் தேவசகாயம். குனிந்து ஓர் ஓட்டுச்சில்லை மேசைக்காலுக்கு அடியில் தள்ளினார்.

அபயாம்பாளுக்கு அது போதுமானதாக இருந்தது. விடியற்காலையிலிருந்து பிரசவ வார்டில் நின்ற கால்கள். நெல்லிக்குப்பத்து ஆலைத் தொழிலாளி ஒருவரின் மனைவிக்கு இரட்டைப் பிள்ளை பிறந்து, இரண்டும் அழுது முடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. சோறு உள்ளே போகவில்லை. கண்ணை மூடினால் நின்றபடியே தூங்கிவிடுவாள். அப்படிப்பட்ட நாளில் ஒரு சாக்குத்துணிக் கை அசைந்தது என்றால், அசைந்தது அவள் கண்தான்.

ஆனியில் சிதம்பரத்துத் திருமஞ்சனக் கூட்டத்தோடு கிளம்பிய வாந்திபேதி, ரயிலிலும் கட்டைவண்டியிலும் ஏறிக் கடலூர்வரை வந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், கெடிலம் ஆற்றங்கரைப் பக்கம், தகரக் கொட்டகை ஒன்று போட்டார்கள். சலைன் ஏற்றுவதற்கென்றே டாக்டர் தட்சிணாமூர்த்தி மூன்று பேரைப் பொறுக்கி எடுத்தார். சென்னையில் இந்த வேலையைக் கற்று வந்த அபயாம்பாள் ஊசி போட, தேவசகாயம் பாட்டிலும் குழாயும் பார்க்க, ஆயா பொன்னி வெளியே அடுப்பு மூட்டி உப்புநீர் காய்ச்ச. வற்றிப்போன உடம்பில் நரம்பு நூலாகக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. விரலால்தான் தேட வேண்டும். கிடைத்தால் ஆள் பிழைக்கும். ஆடி முடிகிறவரை அபயாம்பாளின் விரல்கள் தூக்கத்திலும் தேடிக்கொண்டிருந்தன.

பிறகு நோய் அடங்கியது. கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்துச் சாத்தினார்கள். யுத்தத்துக்குப் பாதி நர்சுகள் போய்விட்ட நேரத்தில், இந்த மூவரின் கைப்பழக்கமும் விட்டுப்போய்விடக் கூடாதே என்று டாக்டருக்குக் கவலை. "வியாதி சொல்லிட்டு வராது சிஸ்டர். வாரத்துக்கு ஒரு தரம் அங்க போய் மூணு பேரும் செஞ்சு பாருங்க" என்று உத்தரவு போட்டார்.

ஐப்பசி மழை தகரத்தில் ஓயாமல் கொட்டியது. பகல் வேளைதான், ஆனாலும் கொட்டகைக்குள் அந்தி கவிந்தாற்போல இருட்டு. மெத்தை உருவப்பட்ட இரும்புக் கட்டில்கள் இரண்டு சுவரோரமும் வெறும் சட்டங்களாக வரிசையில் நின்றன. சுண்ணாம்பு வாசனைக்கு அடியிலிருந்து வேறு ஒரு வாசனை மெல்ல ஏறி வந்தது. அழுகிய மீனும் சோற்றுக்கஞ்சியும் கலந்த அந்த வாசனை அபயாம்பாளுக்குத் தெரியும். இரண்டு மாதம் அவள் கூந்தலை விட்டுப் போகாமல் இருந்த வாசனை.

"மழையில சாக்கடை எதுத்துக்கிச்சு போல" என்று தேவசகாயம் யாரும் கேட்காமலே சொன்னார். பாட்டிலை உயர்த்திப் பிடித்தார்.

சலைன் குழாயில் இறங்கியது. உமிக் கையின் மறுமுனையிலிருந்து வழிந்து, கீழே வைத்த பீங்கான் பேசினில் சொட்ட வேண்டும். அபயாம்பாள் அந்தச் சொட்டுச் சத்தத்துக்குக் காது கொடுத்தாள். மழைதான் கேட்டது. பாட்டில் பாதியாகி, அடி தட்டி, காலியானது.

பேசினில் ஒரு துளி இல்லை.

தேவசகாயம் உமிக் கையை அமுக்கிப் பார்த்தார், மேசையைத் தடவினார், குனிந்து தரையைப் பார்த்தார். எல்லாம் காய்ந்து கிடந்தன. "எங்க போவுது தண்ணி?" என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"குழாய் உள்ள மடங்கியிருக்கும். இன்னொரு பாட்டில் குடுங்க."

"இன்னிக்கு வாணாம் சிஸ்டர். போதும். எனக்கு மனசு சரியில்ல."

"பாதியில நிறுத்தினா டாக்டர் கேப்பாரு."

இரண்டாவது பாட்டிலைக் குழாயில் பொருத்தி அவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அவள் பழக்கத்தில் உமிக் கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். சாக்குத்துணி சில்லென்று இருந்தது. மழைக் குளிர்ச்சி இல்லை. உள்ளிருந்து வரும் குளிர்ச்சி. அவளுடைய மூன்று விரல்களும் தாமாகவே இடம் தேடி அழுந்தின.

நாடி இருந்தது.

எறும்பு ஊர்வதைப்போல. விட்டுவிட்டு. அவள் மூச்சை அடக்கினாள். அவளுடைய நாடியே விரல்நுனியில் அடிப்பதுண்டு, களைத்துப்போனால் அப்படித்தான். கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். அங்கே படபடவென்று வேறு தாளம். மறுபடி மணிக்கட்டைத் தொட்டாள். பாட்டில் இறங்க இறங்க அது வலுத்தது.

"இங்க தொட்டுப் பாருங்க" என்றாள்.

தேவசகாயம் தொட்டார். பாட்டிலை ஆணியில் மாட்டிவிட்டு, "ஏசுவே" என்றார். "ஊசிய எடுங்க சிஸ்டர். எடுத்துட்டு வெளிய வாங்க."

அவளால் முடியவில்லை. நாடி திரும்பிக்கொண்டிருக்கும்போது ஊசியை எடுக்கக் கூடாது. எடுத்தால் ஆள் போய்விடும். இதை எத்தனை நர்சுகளுக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். "டாக்டரைக் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். தேவசகாயம் குடைகூட எடுக்காமல் மழையில் ஓடினார்.

ஜன்னலுக்கு வெளியே, தாழ்வாரத்து அடுப்பருகே பொன்னி எழுந்து நின்றாள். "பாட்டிலு இன்னும் எத்தினி வேணும் நர்சம்மா?"

"ஏன் கேக்கற?"

"உள்ள அத்தினி பேரு கேக்குறாங்களே."

அப்போதுதான் அபயாம்பாளுக்கும் கேட்டது. மழைக்கு உள்ளே, மழையைவிடச் சன்னமாக, அவள் முதுகுக்குப் பின்னால். வாந்திபேதிக்காரர்களின் குரல். தொண்டை வற்றி, சத்தம் செத்து, காற்று மட்டும் மிஞ்சிய குரல்.

தண்ணி.

ஒரு கட்டிலிலிருந்து. பிறகு அடுத்ததிலிருந்து. இரண்டு சுவரோரமும்.

தண்ணி. தண்ணி.

அவள் திரும்பவில்லை. கட்டில் சட்டம் ஒன்று கிறீச்சிட்டது, பாரம் புரண்டதைப்போல. பிறகு இன்னொன்று. பயத்தோடுகூட அவளுக்குள் பழைய அசதி எழுந்தது. இவர்களுக்கு யார் ஊசி போடுவது? வேறு யாருக்குத் தெரியும்? இதற்கு முடிவே இல்லையா?

பொன்னி கடைசிப் பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டினாள். அபயாம்பாள் வாங்குவதற்குள் பொன்னியின் பார்வை அவள் தோளைத் தாண்டிப் போனது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. பாட்டில் கை நழுவித் தரையில் உடைந்தது. சேற்றில் விழுந்தெழுந்து ஓடும் காலடிச் சத்தம்.

பிறகு மழை மட்டும்.

ஆணியில் தொங்கிய பாட்டிலும் காலியாகிக்கொண்டிருந்தது. ஒரு விரற்கடை. அரை விரற்கடை. ஒன்றுமில்லை.

"தீந்துபோச்சு" என்றாள் அபயாம்பாள். யாருக்குச் சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னாள். "இனிமே இல்ல. டாக்டர் வரட்டும்."

குரல்கள் நின்றன.

ஒரேயடியாக. கொட்டகை முழுவதும் காது கொடுத்துக் கேட்பதுபோல.

அவள் முழங்கையில் ஒரு கை பட்டது.

பின்னாலிருந்து. ஈரமில்லாத கை. நெடுநேரம் தண்ணீரில் ஊறியதுபோல விரல்தோல் சுருங்கி, நகங்கள் நீலம் பாரித்த கை. பிடித்து இழுக்கவில்லை. நல்ல நர்ஸ் செய்வதுபோல மெதுவாக அவள் சட்டைக் கையைச் சுருட்டி ஏற்றியது. முழங்கை மடிப்பில் இரண்டு விரல்களால் தட்டியது. நிறுத்தியது. மறுபடி தட்டியது.

தேடியது.

தூரத்தில் தேவசகாயத்தின் குரல். "சிஸ்டர்! சிஸ்டர்!" டாக்டரின் குரலும். வந்துகொண்டிருந்தார்கள். அபயாம்பாள் கத்த வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது.

உமிக் கையிலிருந்து உருவிய ஊசி ஒரே குத்தில் அவள் நரம்பில் இறங்கியது.

ரப்பர் குழாய் துடித்தது. காலிப் பாட்டிலின் அடியில் சிவப்பாக ஒரு வளையம் தோன்றி, கண்ணாடியோரமாக மேலே ஏறத் தொடங்கியது. அவள் இப்போது திரும்பினாள். வெறும் இரும்புச் சட்டங்கள் ஒவ்வொன்றிலிருந்தும், கடைசிக் கட்டில்வரை, உலர்ந்த கைகள் உள்ளங்கை மேல்நோக்கி அவள் பக்கம் நீண்டு, பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தன.