நுனிக்கயிறு

புயல் கூண்டு ஏற்றிய அன்று மத்தியானம், சிங்காரவேலு தன் டிவிஎஸ் வண்டியில் இரண்டு சுருள் நைலான் கயிறு, ஓர் இரும்புக் கப்பி, நாலு உருட்டுக்கட்டை எல்லாம் கட்டிக்கொண்டு கடற்கரையில் வந்து இறங்கினான். தனியாக.

வேதாரண்யத்துக்குத் தெற்கே அந்தக் கரையில் படகைத் தனியாக மேடேற்றுகிறவன் எவனும் கிடையாது. நாலு சகலை, ஏழு மச்சினன் வைத்திருக்கிறவன், விருந்து என்றால் வேன் பிடித்துப் போகிறவன், தள்ளிவிட ஓர் ஆளைக் கூப்பிடவில்லை என்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? மற்றப் படகுகளைக் காலையிலேயே கூடி இழுத்து ஏற்றியாகிவிட்டது. இவனையும் கூப்பிட்டார்கள். வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டான்.

வலி வயிற்றில் இல்லை.

போன ஐப்பசியில் மணிவண்ணனின் படகை ஏற்றியபோது நுனிக்கயிறு பிடித்தவன் இவன்தான். பதினாலு பேர் இழுப்பார்கள். அவர்கள் மூச்சு வாங்கும் நேரத்தில் படகு பின்னால் சரியாமலிருக்க, கடைசி ஆள் கயிற்றின் நுனியை மீன் ஏலக்கொட்டகைக் கம்பத்தில் சுற்றி இறுக்கிப் பிடிப்பான். படகுக்குப் பின்னால் தோள் கொடுத்துக்கொண்டிருந்தான் மணிவண்ணன். சிங்காரவேலுவின் சட்டைப்பையில் போன் அடித்தது. யாரென்று பார்க்கத்தான் கையை எடுத்தான்.

படகு சரிந்தது. அடியிலிருந்து எடுத்தபோது மணிவண்ணனுக்கு உயிர் இல்லை.

ஈரக்கயிறு வழுக்கிவிட்டது என்றான். ஊர் நம்பியது. நம்பியதோடு, பாவம் நடுங்குகிறானே என்று டீ வேறு வாங்கிக் கொடுத்தது. அந்த டீயை அவன் குடிக்கவும் செய்தான்.

இப்போது அதே ஏலக்கொட்டகைக் கம்பத்தில் கப்பியைக் கட்டினான். கயிற்றைத் தன் படகின் மூக்கு வளையத்தில் முடிந்து, கப்பி வழியாகத் திருப்பி, நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தான். காற்றில் அழுகிய பாசி வாடை. படகு அசையவில்லை.

இன்னொரு தம் பிடித்தான்.

அசைந்தது.

ஒற்றை ஆளுக்கு அவ்வளவு சுலபமாக அசையக்கூடாது. கட்டைகள் முனகின. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. தன்னுடையது என்றுதான் நினைத்தான். மூச்சை அடக்கிப் பார்த்தான்.

சத்தம் நிற்கவில்லை. படகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"விட்டுடாத மச்சான்."

மிரட்டலாக இருந்திருந்தால் ஓடியிருப்பான். அது கெஞ்சல். இப்போது ஓடினால் படகு சரியும், பின்னால் நிற்கிறவன்மேல். உள்ளங்கை கிழிந்து ரத்தம் கயிற்றில் ஊற, மேடு வரைக்கும் இழுத்தான்.

மேட்டில் மணிவண்ணன் மனைவி கனகா நின்றுகொண்டிருந்தாள்.

"கூடத் தள்ளுன ஆளு எங்கண்ணே? இப்பத்தான் குனிஞ்சு நின்னாரு."

சிங்காரவேலுவுக்குத் தலை நிமிரவில்லை. "அன்னைக்குக் கயிறு வழுக்கல கனகா. நான்தான் கைய எடுத்தேன். போன் வந்துச்சு."

"யாரு போன்ல?"

"காலர் டியூன் வேணுமான்னு கேட்டு… கம்பெனிக்காரன்."



"ஒரு வருசமா என் வாசல் பக்கம் வராம சுத்திப் போனீங்களே. அப்பவே நெனச்சேன்."

படகு சமதரையில் ஆடாமல் உட்கார்ந்துவிட்டது. இனிப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ரத்தம் பிசுபிசுத்த விரல்களைப் பிரித்து நுனியை விட்டான்.

கயிறு மணலில் விழவில்லை.

ஆளில்லாத இடத்தில், இடுப்பு உயரத்தில், பிடி தளராமல் விறைத்து நின்றது.