கட்டிப்போடாத கை

ஹிதார் மாதம் 12, செவ்வாய். இன்று ஒரு தப்பு செய்தேன். என் கட்டடத்தை மூன்று முறை அளந்தேன். பக்கத்துக் கட்டடத்தை ஒருமுறைகூட அளக்கவில்லை.

இதை எழுதிவிட்டு மெக்லித் பென்சிலைக் கடித்தாள். அவளுக்குப் பதினொரு வயது. அடிஸ் அபாபாவில் மாலை வகுப்பில் அட்டை மாதிரிகள் செய்யப் படிக்கிறாள்.

அன்றைய வகுப்பில், இருபது மாடிக் கட்டடத்துக்கு எந்த கிரேன் சரி என்று இரண்டிரண்டு பேராகப் போட்டியிட்டுச் செய்துகாட்ட வேண்டும். சிறந்தது நூலகத்துக் கண்ணாடிப் பெட்டிக்குப் போகும். அவளுக்கு எதிராக வந்தவன் நாஹோம்.

மெக்லித் செய்த கிரேனுக்கு நீளமான சிவப்புக் கை. அழகோ அழகு. ஆனால் அது சுழன்றபோது பக்கத்தில் இருந்த அட்டை மருத்துவமனையின் கூரைக்கு மேலே போனது. அங்கே பாரம் தொங்கினால் நோயாளிகள் தலையில் விழாதா என்று ஆசிரியர் கேட்டார். அவள் சிவப்புக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

நாஹோமின் கிரேனோ கையை மேலே தூக்கி மடக்கிக்கொண்டது. குறுகிய இடத்திலும் யார் கூரையையும் தொடவில்லை. எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். மெக்லித்துக்கு வயிறு எரிந்தது. வாயில் இருந்த வறுத்த பார்லிகூடக் கசந்தது.

கடைசியாக, மின்விசிறிக் காற்றில் கிரேன் நிற்கிறதா என்ற சோதனை. கை ஆடாமல் இருக்க நாஹோம் அதை நூலால் கட்டடத்தோடு இறுக்கிக் கட்டினான். மெக்லித் பார்த்துவிட்டாள். அவள் அம்மா கிரேன் ஓட்டுபவர். வேலை முடிந்ததும் கையைக் கட்டமாட்டார். காற்று தள்ளும் பக்கம் அது தானே திரும்ப வேண்டும். கட்டினால் காற்று முழுவதும் அதன்மேல் மோதும். கிரேனே சாய்ந்துவிடும்.

சாயட்டுமே என்று நினைத்தாள். ஆசிரியர் விசிறியின் பொத்தானைத் தேடினார்.

"நாஹோம், அந்த நூலை அவிழ்த்துடு."

"எதுக்கு? என்னோடது விழணும்னுதானே?"

"ஆமா, விழணும்னுதான் தோணுது. மனசு மாறி சும்மா இருந்துடறதுக்குள்ள சொல்றேன். அவிழ்த்துடுடா. காத்து தள்ற பக்கம் அது திரும்பட்டும்."

அவன் அவளை ஒருமாதிரி பார்த்தான். பிறகு அவிழ்த்தான்.

விசிறி சுழன்றது. கை மெல்லத் திரும்பி, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றது. கிரேன் சாயவில்லை. நூலகத்துக்கு நாஹோமின் மாதிரிதான் போகிறது.

வீட்டில் மெக்லித் நாட்குறிப்பை முடித்தாள்:

பொறாமை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நாளைய வேலை: கை மடங்குகிற இடத்தில் கீலை எப்படி வைத்தான் என்று நாஹோமிடம் கேட்பது.