வெள்ளைக் கோடு போட்ட கல்

சிட்டுவின் அம்மா மீன்களை ஆராய்பவர். சுறா, திமிங்கிலம் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். ஓடையில் திரியும் கட்டைவிரல் அளவு மீன்கள்தான் அவருக்கு உயிர். அதிலும் மஞ்சள் துடுப்பு மீன் என்ற ஒன்று அவர் ஆராயும் ஓடையில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அது முட்டையிடும் இடம் தெரிந்தால் அதைக் காப்பாற்றிவிடலாம். நான்கு வருடமாகத் தேடியும் பிடிபடவில்லை.

விடுமுறை நாட்களில் சிட்டுவும் கூடப் போவாள். அம்மா மீன்களை எண்ணிச் சொல்ல, இவள் எழுதுவாள். அம்மாவின் கட்டளை ஒன்றே ஒன்று: ஓடையிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது.

அன்று வேலை முடிந்து ஜீப் கிளம்பியது. பின் சீட்டில் சிட்டு மெதுவாகப் பையைத் திறந்தாள். உள்ளே வெள்ளைக் கோடு போட்ட ஒரு கல். அவ்வளவு அழகான கல்லை விட்டுவர அவளுக்கு மனசே வரவில்லை. ஒரே ஒரு கல்தானே!

துடைக்கலாம் என்று திருப்பினாள். அடிப்பக்கம் முழுவதும் கடுகைவிடச் சின்னதாகக் கண்ணாடி மணிகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்புப் புள்ளிகள். கண்கள்!

சிட்டுவுக்குப் புரிந்தது: மீன் முட்டைகள். சொன்னால் அம்மா இனிமேல் கூட்டிவரவே மாட்டார். சொல்லாவிட்டால் இந்தக் குஞ்சுகள் காய்ந்துபோய்விடும்.

காலடியில், சோதனைக்காக எடுத்த ஓடைத் தண்ணீர் வாளியில் இருந்தது. முதலில் கல்லை அதில் மூழ்க வைத்தாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அம்மா, வண்டிய நிறுத்தச் சொல்லு."

"ஏன், வாந்தி வருதா?"

"இல்ல. நான் ஒரு கல்ல எடுத்துட்டேன். அதுல முட்டை இருக்கு."

அம்மா எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது, சிவந்தது, மறுபடி மலர்ந்தது. திட்டுவதா, கொண்டாடுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

"லேபுக்கே கொண்டுபோயிடலாமா, மேடம்?" என்றார் டிரைவர் மாமா.

"அங்க தொட்டி இருக்கு..." என்று அம்மா இழுத்தார்.

"வேணாம்மா! இதைக் காணோம்னு அந்த மீன் தேடிச்சுன்னா? எடுத்த இடம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அம்மா டிரைவர் மாமா பக்கம் திரும்பினார். "திருப்புங்க வண்டிய."

வழி நெடுக அம்மா வாளியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே வந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது சிட்டுவுக்கு.

ஓடையில் கல் இருந்த குழி அப்படியே இருந்தது. அதற்குள் ஒரு மஞ்சள் துடுப்பு மீன். குழி காலிதான். ஆனாலும் அது துடுப்பை ஆட்டி ஆட்டி விசிறிக்கொண்டே இருந்தது.

"அப்பா மீன்," என்று கிசுகிசுத்தார் அம்மா. "காவல் காக்குது."

சிட்டு தண்ணீர் அருகே குனிந்தாள். "சாரி," என்று மீனிடமே சொன்னாள். முட்டைகள் கீழே வரும்படி கல்லைப் பதமாக வைத்தாள். மீன் விருட்டென்று அடியில் நுழைந்தது. அடுத்த நொடி வெளியே பாய்ந்து, அவள் விரலில் நறுக்கென்று ஒரு கடி!

"ஆ!"

"அம்மா குடுக்க வேண்டியத அப்பா குடுத்துட்டாரு!" என்றார் டிரைவர் மாமா.

அம்மாவும் சிரித்துவிட்டார்.

சிட்டு விரலைப் பார்த்தாள். காயம் இல்லை, வலியும் இல்லை. இன்னொரு கடி கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று, விரலை மறுபடி தண்ணீரில் விட்டாள்.