தீர்த்தம் குடித்த ரோசாக்கள்

படத்தில் படலைக் கதவோரம் இருந்த மொட்டு விரிந்திருந்தது.

டினோஜா துடைக்கும் துணியோடு அப்படியே நின்றாள். கலியாணம் முடித்து அவளும் துஷாந்தனும் குடிவந்த பள்ளிமுனை வாடகை வீட்டில், முன்பிருந்தவர்கள் சுவரில் விட்டுப்போன ஓவியம் அது. யாரும் கத்தரிக்காமல் காடாய் மண்டிய பழைய ரோசாத் தோட்டம். பாசி படிந்த வளைவின் மேல் கொடிகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துச் சரிய, அந்திவெயில் பட்ட இதழ்கள் உள்ளிருந்தே எரிவதுபோல் சிவந்திருந்தன. அந்த அழகுக்காகத்தான் இந்த வீட்டையே எடுக்கச் சொன்னாள்.

“நேற்று இது மொட்டு, இஞ்சாருங்கோ.”

“நான் கடலுக்குப் போனா நீர் இதைத்தானே பாத்துக்கொண்டிருக்கிறீர்,” துஷாந்தன் சிரித்தான். “எனக்கே பொறாமையாக் கிடக்கு.” பூவைத் தொட்டவன் விரலை உதறினான். நுனியில் இரத்தம்.

அன்றிலிருந்து அவளுக்குப் பயம். மாலைதோறும் செபமாலை முடிந்ததும், மடு மாதா கோயில் திருநாளில் போத்தலில் கொண்டுவந்த தீர்த்தத்தைப் படத்தின்மேல் தெளித்தாள். ஆனாலும் வாசலில் காயும் கருவாட்டின் மணத்தை மீறி, வாடிய பூவின் இனிப்பு மணம் தலையணைவரை வந்தது. சுவருக்குள் ஏதோ மெல்ல உரசி உரசி ஊர்ந்தது. இன்னும் கூடத் தெளித்தாள். துஷாந்தன் கடலுக்குப் போவதை விட்டான். படத்தின் முன் கதிரையைப் போட்டுக்கொண்டு சோறு தண்ணியையும் மறந்து இருந்தான். விரல் காயம் ஆறவில்லை. பச்சையாகிக்கொண்டு வந்தது.

இன்று மாலை தெளித்தபோது கவனித்தாள். ஒரு துளியும் கீழே வழியவில்லை. பட்ட இடத்திலேயே மறைந்தது. இலைகள் தளதளத்தன.

அவள் பேயை விரட்டவில்லை. வேருக்கு வார்த்திருக்கிறாள்.

இங்கே கிணறெல்லாம் உவர். நட்ட ரோசா ஒன்றுகூடப் பிழைத்ததில்லை. உப்பு! வாளியோடு கிணற்றடிக்கு ஓடினாள். அள்ளினாள். ஓடிவந்தாள்.

கதிரையில் அவன் முதுகு.

“எழும்புங்கோ! தள்ளி நில்லுங்கோ!”

“உப்புத் தண்ணி ஊத்தாதையும், டினோ.” அவன் குரல்தான். அதே கொஞ்சல். “எனக்கு எரியும்.”

திரும்பினான்.

சட்டைக் கைகளுக்குள்ளிருந்து கொடிகள் படத்துக்குள் போயிருந்தன. கழுத்தெங்கும் முட்கள். கண்கள் மட்டும் அவனுடையவை. ஈரமாய், அவளையே பார்த்தபடி.

ஊற்றினால் தோட்டம் சாகும். அவனும்.

தூக்கிய வாளியை அவள் சாய்க்கவில்லை. அவன் மறுபடி பேச வாயைத் திறந்தான். நாக்கு இருந்த இடத்தில் ஒரு மொட்டு. இதழ் இதழாக, மெதுவாக, விரிந்தது.