மேஸ்திரியின் மீசை

மேஸ்திரியின் மீசை தேய்ந்துகொண்டே வந்தது.

மேஸ்திரி என்பது ஒரு மீன். திரிஷா வீட்டு மீன்தொட்டியின் அடியில் வாழும் கோரி என்னும் குட்டிக் கெளுத்தி மீன்களில் அதுதான் பெரியது. நாள் முழுக்கத் தரையைத் தடவிக்கொண்டே போகும். "வீடு கட்டுற மேஸ்திரி மாதிரியே தரை சரியா இருக்குதான்னு பாக்குது," என்று அவள் தம்பி சரத்குமார் ஒருநாள் சொன்னான். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கோரி மீனுக்கு வாயோரத்தில் மெல்லிய மீசைகள் உண்டு. அவற்றால் தடவித்தான் அது இரை தேடும். இப்போது மேஸ்திரியின் இடது பக்க மீசை இருந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் தெரிந்தது. வலது பக்கத்திலும் பாதிதான் மிச்சம். போட்ட இரையைக் கண்டுபிடிக்க முடியாமல் அது சுற்றிச் சுற்றி வந்தது.

ஆறாம் வகுப்பு படிக்கும் திரிஷாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மாலையில் அம்மாவை இழுத்துக்கொண்டு மீன் கடைக்குப் போனாள். கடைக்காரர் ராஜவேலு கைப்பேசியில் அவள் எடுத்திருந்த படத்தைப் பார்த்தார்.

"தேஞ்சுக்கினே போவும்மா. அப்புறம் சாப்பிடாது. அவ்ளோதான். வேற மீன் தரேன், எடுத்துக்கினு போ."

"வேற மீன் வேணாம் அண்ணா. இந்த மீனுக்கு மீசை வேணும்."

கடைக்காரர் சிரித்தார். அம்மா அகிலாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். திரிஷா சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தொட்டிக்குள் கைவிட்டு, அடியில் கிடந்த நீலக் கல் ஒன்றை எடுத்தாள். விளக்கு போட்டால் நீலமும் பச்சையுமாக மின்னும் கற்கள் அவை. அந்தக் கல்லைத் தன் கன்னத்தில் மெல்லத் தேய்த்துப் பார்த்தாள்.

"ஆ!"

கல்லின் ஓரம் உடைந்த கண்ணாடி போலக் கூர்மையாக இருந்தது. இதன்மேல்தான் மேஸ்திரி காலை முதல் இரவு வரை முகத்தைத் தேய்த்துக்கொண்டு திரிகிறது!

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் எல்லாரும் தென்னேரியில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு திரிஷாவும் சரத்தும் ஏரிக்கரைக்கு ஓடினார்கள். கணுக்கால் அளவுத் தண்ணீரில் சின்னச் சின்ன மீன்கள். அவை அடியிலிருந்த மணலில் வாயை வைத்து ஒரு வாய் அள்ளின. பிறகு மணலைத் துப்பிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தன.

"மண்ணு திங்குதுக்கா!" என்றான் சரத்.

"திங்கலைடா. மண்ணுல இருக்கிற சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கினு மண்ணைத் துப்புது." சொல்லும்போதே திரிஷாவின் கண்கள் விரிந்தன. "சரத்து! மேஸ்திரிக்குக் கல்லு வேணாம். மணல் வேணும்!"

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அப்பா.

அப்பா கிறிஸ்டோபர் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். சென்ற வருடம் ஆசை ஆசையாகத் தொட்டியைக் காலி செய்து, சோப்புப் போட்டுப் பளபளவென்று கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினார். இரண்டே நாளில் அதிலிருந்த தங்கமீன்கள் எல்லாம் மிதந்தன. அதற்குப் பிறகு இந்தக் கோரி மீன்களையும் நீலக் கற்களையும் அவரே தேடிப்பிடித்து வாங்கிவந்து போட்டார். கூடவே ஒரு சட்டமும் போட்டார். தொட்டியில் இனி யாரும் கை வைக்கக் கூடாது.

"அப்பா, ஒரு நிமிஷம் கண்ணை மூடு," என்றாள் திரிஷா.

"எதுக்கும்மா?"

"மூடுப்பா."

அப்பா கண்ணை மூடினார். அப்போதுதான் முகச்சவரம் செய்திருந்தார். திரிஷா நீலக் கல்லை அவர் கன்னத்தில் லேசாக இழுத்தாள்.

"ஐயோ! இன்னாம்மா இது? பிளேடா?"

"நீ வாங்கின கல்லுப்பா. பாக்க ரொம்ப அழகா இருக்குது. ஆனா மேஸ்திரி மூஞ்சியாலதானே நடக்குது. அதுக்கு வலிக்கும்ல?"

அப்பா கன்னத்தைத் தடவிக்கொண்டார். கல்லைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார்.

"போன தடவை மாதிரி ஆயிடுச்சுன்னா?"

"ஆவாதுப்பா. நான் வீடியோல்லாம் பாத்துட்டேன். போன தடவை எல்லாத்தையும் ஒண்ணா கழுவிட்டோம். ஃபில்டர்லயும் கல்லுலயும் நல்ல கிருமி குடியிருக்குமாம். அதுதான் தண்ணியைச் சுத்தமா வச்சுக்குது. அதையும் சேர்த்துக் கழுவிட்டோம். இந்தத் தடவை பழைய தண்ணியைக் கொட்ட வேணாம். ஃபில்டரைக் கழுவ வேணாம். கொஞ்சம் கல்லை ஒரு துணிப்பையில கட்டி உள்ளேயே தொங்க விட்டுடலாம்."

அப்பா தொட்டிக்கு முன்னால் குனிந்து மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தார்.

"சரி. ஆனா மீனுங்களுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது," என்றார் கடைசியில்.

அடுத்தது மணல் தேடும் படலம். தெருமுனையில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே குவிந்திருந்த எம்-சாண்டை, பாறையை உடைத்து அரைத்த மணலை, கொஞ்சம் எடுத்துக் கன்னத்தில் தேய்த்தாள். குத்தியது. வேண்டாம். ராஜவேலு கடையில் வெள்ளை மணல் என்று ஒன்று விற்றார்கள். அதையும் தேய்த்தாள். அதுவும் குத்தியது.

"இன்னா, மேக்கப் போடுறியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பக்கத்து வீட்டு முத்துக்குமார். அவளுடைய வகுப்புதான்.

திரிஷா விஷயத்தைச் சொன்னாள்.

"மீனுக்கு மெத்தை தேடுறேன்னு சொல்லு!" என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்ததும் சொன்னான்: "எங்க வீட்டுல படிக்கட்டுக்கு அடியில ஆத்து மணல் ஒரு மூட்டை இருக்குது. வீடு கட்டினப்ப மிஞ்சினது. வந்து உன் கன்னத்தைக் கேட்டுப் பாரு."

கன்னம் சரி என்றது. அந்த மணல் ரவை போல மெத்தென்று வழுக்கியது. முத்துக்குமாரின் அப்பா நமச்சிவாயம் தறியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "மொத்தத்தையும் எடுத்துக்கினு போம்மா, இடம் அடைக்குது," என்றார்.

சனிக்கிழமை காலையிலிருந்து, முத்துக்குமாரும் சேர்ந்துகொள்ள, எல்லாரும் மணலைச் சலித்தார்கள். கழுவினார்கள். மறுபடி கழுவினார்கள். முதலில் டீ போல வந்த தண்ணீர், பிறகு எலுமிச்சைச் சாறு போல வந்தது, கடைசியில் தெளிந்தது. அதற்குள் சரத் தலை முதல் கால் வரை நனைந்திருந்தான். அம்மாவின் மாவுச் சல்லடை மணலில் கிடப்பதை அம்மா பார்த்துவிட்டார்.

"புதுச் சல்லடை வாங்கித் தரேன்," என்று அப்பா அவசரமாகச் சொன்னார்.

பிறகு பெரிய வாளியில் தொட்டித் தண்ணீரை நிரப்பி, மீன்களை ஒவ்வொன்றாக வலையில் பிடித்து அதில் விட்டார்கள். காற்றுக் குழாயையும் உள்ளே போட்டார்கள். குமிழ்கள் பொங்கின. ஃபில்டர் இன்னொரு வாளியில், பழைய தண்ணீரிலேயே மூழ்கியிருந்தது. அப்பா கற்களை அள்ளி வெளியே எடுத்தார். திரிஷா பாதி மணலைப் பரப்பிவிட்டாள்.

அப்போது மின்விசிறி நின்றது. வாளியில் குமிழும் நின்றது.

"கரண்ட்டு போச்சு!" என்று கத்தினான் சரத்.

"வந்துடும்," என்றார் அப்பா. வரவில்லை. தெரு முழுக்க இல்லை. கொஞ்ச நேரத்தில் மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மேஸ்திரி ஒரு பக்கமாகச் சாய்ந்து அடியில் கிடந்தது.

அப்பா வெளியே எடுத்த கற்களில் ஒரு கை அள்ளினார். "பேசாம கல்லையே திரும்பப் போட்டுடலாம்மா. எனக்கு பயமா இருக்குது."

"தொட்டிக்குப் போனாலும் கரண்ட்டு இல்லையேப்பா," என்றாள் திரிஷா. அவளுக்கும் அழுகை வந்தது. அழுதால் யோசிக்க முடியாது. வாளியையே உற்றுப் பார்த்தாள். குமிழ் என்ன செய்தது? தண்ணீரைக் கலக்கிக் காற்றைச் சேர்த்தது. அவ்வளவுதானே?

குளியலறைக்கு ஓடி மக்கை எடுத்து வந்தாள். வாளித் தண்ணீரை மொண்டு, மார்பு உயரத்திலிருந்து மீண்டும் வாளிக்குள்ளேயே ஊற்றினாள். சளக்! குமிழ்கள் கிளம்பின.

"டீ ஆத்துற மாதிரி!" என்றான் சரத்.

"அதேதான்! நிறுத்தாம ஊத்தணும்."

கை வலித்தபோது முத்துக்குமார் வாங்கிக்கொண்டான். பிறகு அப்பா. பிறகு மறுபடி திரிஷா. வேகம் குறைந்துகொண்டே வந்தது. பக்கத்து வீட்டில் மட்டும் எதுவும் நிற்கவில்லை. கைத்தறிக்குக் கரண்ட் எதற்கு? நமச்சிவாயத்தின் தறி சடக், சடக் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தச் சத்தத்துக்கு ஊத்து!" என்றான் முத்துக்குமார்.

சடக் என்றால் மொள்ள வேண்டும். அடுத்த சடக்குக்கு ஊற்ற வேண்டும். சுவரின் அந்தப் பக்கம் பட்டு ஏற, இந்தப் பக்கம் தண்ணீர் இறங்கியது. யாரும் தாளம் தவறவில்லை. முத்துக்குமார் சுவரைத் தட்டி, "அப்பா, டீ குடிக்கப் போயிடாதே!" என்று கத்தினான். "போவலைடா!" என்று பதில் வந்தது.

மேஸ்திரி நிமிர்ந்தது. வாலை ஆட்டியது. மற்ற மீன்களும் மேலே வருவதை நிறுத்திவிட்டன.

"நல்லா இருக்குது! எல்லாம் நல்லா இருக்குது!" அப்பா மக்கோடு சேர்த்துக் கையைத் தூக்கினார். தண்ணீர் முழுக்க சரத்தின் தலையில் கொட்டியது.

வெயில் சாயும் நேரத்தில் கரண்ட் வந்தது. மீதி மணலையும் பரப்பி, அதன்மேல் ஒரு தட்டை வைத்து, தட்டின்மேல் பழைய தண்ணீரை மெல்ல ஊற்றினார்கள். கற்கள் கட்டிய பை ஓரத்தில் தொங்கியது. ஃபில்டர் ஓடத் தொடங்கியது. மீன்களை உள்ளே விட்டார்கள். தண்ணீர் கொஞ்சம் கலங்கலாகவே இருந்தது. உள்ளே யாரும் தெரியவில்லை.

"காலையில பாக்கலாம்," என்றார் அம்மா.

காலையில் திரிஷாதான் முதலில் எழுந்தாள். தண்ணீர் பளிங்கு போல இருந்தது. அடியில் வெளிர் மஞ்சள் மணல், தென்னேரிக் கரை போல. அவள் ஒரு துளி இரையைப் போட்டாள்.

மேஸ்திரி மெல்ல வந்தது. மணலைத் தொட்டது. நின்றது. பிறகு கண்கள் வரைக்கும் முகத்தை மணலுக்குள் புதைத்தது! இரண்டு செவுள்களின் வழியாகவும் மணல் புகை போல வெளியே பறந்தது. வெளியே வந்த வாயில் இரை இருந்தது.

"அப்பா! அம்மா! சரத்து!"

எல்லாரும் ஓடிவந்தார்கள். கத்தல் கேட்டு முத்துக்குமாரும் நமச்சிவாயமும் வந்தார்கள். மற்ற கோரிகளும் சேர்ந்துகொண்டு தொட்டி முழுக்கத் தோண்டிக்கொண்டிருந்தன. இவ்வளவு நாளும் அவை இப்படி விளையாடி யாரும் பார்த்ததில்லை.

"ஆட்டோவுல ஏர்றவங்க எல்லாருக்கும் சொல்லப்போறேன்," என்றார் அப்பா. சொன்னார். அந்த வாரம் அவர் ஆட்டோ போகும் வழியில், காந்தி ரோட்டிலிருந்து ஐயம்பேட்டை வரை, மேஸ்திரியைப் பற்றித் தெரியாதவர்கள் குறைவு.

மழைக்காலம் தொடங்கியபோது சிவப்புப் புள்ளி மறைந்து, அந்த இடத்தில் நூல் போல ஒரு மீசை எட்டிப் பார்த்தது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது.

பிறகு ஒரு விடுமுறை நாளில் அப்பாவின் குரல் வீட்டையே எழுப்பியது.

"திரிஷா! இங்க வந்து பாரும்மா. கண்ணாடியில இன்னாவோ முத்து முத்தா ஒட்டிக்கினு இருக்குது!"

திரிஷா கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். கண்ணாடியின் உள்பக்கத்தில் ஜவ்வரிசியைவிடச் சின்னதாக, வெண்மையான உருண்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. அவள் குனிந்து பார்த்தாள். இன்னும் குனிந்தாள்.

"அப்பா," என்றாள், மூச்சை அடக்கிக்கொண்டு, "முட்டைப்பா!"

உள்ளே மேஸ்திரி, நிமிர்ந்த இரண்டு மீசைகளோடு, ஒன்றுமே நடக்காதது போல மணலைத் தோண்டிக்கொண்டிருந்தது.