நெற்றியில் ஒற்றிய குருவி

கூண்டிலிருந்து சத்தமே வரவில்லை. அந்தியில் துணி போட்டு மூடினாலும் கத்தித் தீர்க்கிற குருவிகள் இன்று வாயைத் திறக்காதது குந்தியாவுக்குச் சரியாகப் படவில்லை.

நோம் பென் அரண்மனைக்கு எதிரே, ஆற்றங்கரையில், அவளுக்குக் குருவி வியாபாரம். ஊர் பார்க்க வருகிறவர்கள் ஒன்றை வாங்கி, நெற்றியில் ஒற்றி, தங்கள் நோயையும் பீடையையும் அதன் காதில் சொல்லிப் பறக்கவிடுவார்கள். சாயங்காலம் அவள் புருஷன் வுத்தி வலை போட்டு அந்தப் புண்ணியத்தைத் திரும்பப் பிடித்துவிடுவான். வெட்கங்கெட்ட பிழைப்பு.

இன்று காலை குந்தியாவே ஒன்றை விட்டாள். காய்ச்சலில் கிடந்த மகள் மீலியாவின் நெற்றியில் ஒற்றி, கெஞ்சி அழுது விட்டாள். மதியமே பிள்ளை எழுந்து கஞ்சி குடித்தது.

இப்போது கூண்டு நிறைந்திருந்தது.

"எல்லாத்தயும் விட்டுடுங்க. மீலியாவுக்காக நான் விட்டதும் இதுக்குள்ள இருக்கும்."

வுத்தி சிரித்தான். "அடிப் பைத்தியமே! வெளியூர்க்காரங்ககிட்ட நாம விடுற கதைய நீயே நம்பிட்டியா? நாளைக்குப் படகுத் திருவிழா. எதை விப்பே, உன் தலைமுடியையா?"

கூண்டை வழக்கம்போல் பிள்ளையின் பாய்க்கு மேலே மாட்டிவிட்டுக் குடிக்கப் போனான்.

ஆற்றுச் சேற்று வாடையையும் இறகு நாற்றத்தையும் மீறி, மருந்தும் பழைய வியர்வையும் கலந்த ஆஸ்பத்திரி வாடை கூண்டிலிருந்து இறங்கியது. குந்தியா உள்ளே கைவிட்டாள். ஒரு குருவி அனலாய்ச் சுட்டது. இதுதான். ஜன்னலுக்கு ஓடப்போனவள், சந்தேகத்தில் இன்னொன்றைத் தொட்டாள். அதுவும் சுட்டது. அடுத்ததும். எல்லாமே.

எத்தனை பேர் இறக்கி வைத்த நோயோ!

கூண்டை அகலத் திறந்தாள். கதவையும் ஜன்னலையும் திறந்தாள். "போங்க! போய்த் தொலைங்க!"

ஒன்றும் வெளியே போகவில்லை. ஒரு குருவி மட்டும் மீலியாவின் முகத்தருகே இறங்கியது. தன் தலையைப் பிள்ளையின் நெற்றியில் மெல்ல ஒற்றியது. காதருகே அலகு அசைந்தது. பிறகு சந்தோஷமாகக் கீச்சிட்டு ஜன்னல் வழியே பறந்தது.

மீலியா இருமினாள்.

அடுத்தது இறங்கியது. குந்தியா மகளை வாரி எடுத்தாள். குருவி அவள் தோளில் உட்கார்ந்து பிள்ளையின் நெற்றியில் ஒற்றியது. பறந்தது. பிள்ளையின் கை மடங்கிக்கொண்டது. மூன்றாவது. பிள்ளையின் கண் வெளுத்தது.

குந்தியா அலறினாள். விரட்டினாள். முந்தானையால் பிள்ளையைப் போர்த்தினாள்.

கூண்டின் மேல் மற்றக் குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தள்ளுமுள்ளு இல்லை. ஒவ்வொன்றும் தன் முறைக்காகப் பொறுமையாகக் காத்திருந்தது.