கட்டைவிரல் முடிச்சு

பஞ்சக்கா எவ்வளவு நீவியும் அந்த ஒரு விரல் மட்டும் நிமிரவில்லை. வலது கை ஆள்காட்டி விரல். மற்ற விரல்களெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டு நீண்டு படுத்துக்கொண்டன; இது மட்டும் எதையோ தட்டப்போவது மாதிரி மடங்கியே நின்றது.

அந்த வட்டாரத்தில் இறந்தவர்களைக் குளிப்பாட்டி உடுத்திவிடுகிறவள் பஞ்சக்கா. இடுப்பில் எந்நேரமும் பஞ்சுச் சுருள் செருகியிருப்பதால் அந்தப் பெயர். உயிரோடிருப்பவர்களைவிடப் போனவர்களிடம்தான் அதிக மரியாதையாகப் பேசுவாள்.

"மூட்டுல தோலே இல்லையே. எங்கேம்மா இடிச்சுக்கிட்டீங்க?"

பதில் சொல்ல வேண்டியவர் சொல்லாததால் மருமகள் சொன்னாள். "கட்டில்ல பட்டிருக்கும்கா."

பஞ்சக்கா கட்டிலைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், பஞ்சைப் பிய்த்தாள். பிறகு வெள்ளைத் துணியைக் கிழித்துத் தாடைக்கு ஒரு கட்டு, கால் பெருவிரல்களுக்கு ஒரு கட்டு. மார்பின்மேல் கோத்த கைகளின் கட்டைவிரல்களை மட்டும், "நான் கட்டறேன்கா" என்று மருமகளே கட்டினாள். அகலமாக, அந்த மூட்டும் மறைகிற மாதிரி.

"பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி மூணு முடிச்சையும் நீதான் அவிழ்க்கணும். கட்டோட அனுப்பிடாத."

"அனுப்பினா?"

"கட்டிப்போட்டா யாருதான் கிளம்புவா? இங்கயே இருந்துக்குவாங்க." பஞ்சக்கா சிரித்தாள். மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வாதம் வந்து குரல் போனதிலிருந்து மாமியார் உள்ளறைச் சுவரைத் தட்டித்தான் கூப்பிடுவார். சுவருக்கு அந்தப் பக்கம் கூடம், கூடத்தில் டிவி. தண்ணீருக்குத் தட்டுவார், மின்விசிறிக்குத் தட்டுவார், சும்மா ஒரு முகம் பார்க்கவும் தட்டுவார். நேற்று சாயங்காலம் சீரியலில் தாலி கட்டும் நேரமாகப் பார்த்துத் தட்டினார். "விளம்பரம் வரட்டும்" என்றாள் மருமகள். தட்டல் வேகமானது. அவள் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். தாலி ஏறியது. சீரியல் முடிந்தபோது சுவரும் அடங்கியிருந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள்.

அந்த அப்பாடா காலையிலிருந்து தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது.

கூடத்தில் அடக்க ஏற்பாடு அமர்க்களப்பட்டது. இருந்தபோது ஒரு தலையணை உறை வாங்கித் தராத நாத்தனார், பெட்டிக்குள் பட்டுத்தான் விரிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். குழி அப்பாவுக்குப் பக்கத்திலேயா, யார் யார் தோள் கொடுப்பது என்றெல்லாம் பேசி முடித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். "அண்ணி, அம்மா கடைசியா எதாவது கேட்டாங்களா?"

"இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டாங்க."

"கூப்பிட்டிருந்தா இவ ஓடியிருப்பா," என்றான் கணவன், கண்ணைத் துடைத்தபடி.

பெட்டி வந்தது. அவள் குனிந்து தாடைக் கட்டை அவிழ்த்தாள். கால் கட்டை அவிழ்த்தாள். கைக்கு வந்தபோது எதிரே கணவன், அம்மாவின் கையை ஒருமுறை பிடித்துப் பார்க்கக் காத்துக்கொண்டு நின்றான். பிடித்தால் மூட்டு தெரியும். தெரிந்தால் கேட்பான், இவன் பஞ்சக்கா இல்லை, விடமாட்டான். அவள் மாமியாரின் புடவைத் தலைப்பை இழுத்து அந்தக் கைகளை மூடினாள்.

"நேரமாச்சு, மூடிடுங்க."

எல்லோரும் போனார்கள். வீட்டைக் கழுவிவிட ஒருத்தர் தங்க வேண்டும், தங்கினாள். மழை மூட்டத்தில் பட்டப்பகலே மங்கி, ஈரத் தரையின் பினாயில் நெடிக்கு அடியில் பூவும் தைலமும் பழைய படுக்கையும் கலந்த வாடை எங்கிருந்தோ கசிந்துகொண்டிருக்க, அவள் துடைப்பமும் ஈரத்துணியுமாக உள்ளறைக்குள் நுழைந்தாள். கதவு பின்னால் மெதுவாகச் சாத்திக்கொண்டது. காற்றாக இருக்கும். ஜன்னல் மூடியிருந்தது.

தலைமாட்டுச் சுவரில் பழுப்பாக ஒரு திட்டு. தட்டித் தட்டித் தேய்ந்த இடம். நடுவில் காய்ந்த சிவப்பு. யாராவது பார்ப்பதற்குள் துடைத்துவிட, ஈரத்துணியோடு கட்டிலில் உட்கார்ந்தாள்.

படுக்கையில் ஒரு வெள்ளைத் துணி வளையம் கிடந்தது. அவள் கட்டிய அதே முடிச்சு. அவிழவில்லை.

எழுந்திருக்கப் பார்த்தாள். கால் வரவில்லை. கத்தினாள். வாய்தான் திறந்தது. தலை தானாகத் தலையணையில் சாய்ந்தது. தலையணை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

கைகளைப் பார்த்தாள். மார்பின்மேல். கோத்தபடி. கட்டைவிரல்கள் இரண்டும் அந்த வளையத்துக்குள்.

விரல்களில் வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் அசைந்தது.

கட்டிய கைகளைத் தலைமாட்டுச் சுவருக்கு உயர்த்தித் தட்டினாள். மறுபடி தட்டினாள். கூடத்தில் காலடி கேட்டது. வந்துவிட்டார்கள்! சோபா கிறீச்சிட்டது. யாரோ உட்கார்ந்தார்கள்.

டிவி பாடத் தொடங்கியது. அவளுடைய சீரியல் பாட்டு.

வேகமாகத் தட்டினாள். இன்னும் வேகமாக. மூட்டில் தோல் கிழிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் சலித்துக்கொண்டது. அவள் குரல்.

"விளம்பரம் வரட்டும்."

சத்தம் கூடியது.